மூக்கில்லாத அன்னம்

பிள்ளையார்பாளையத்துக் கோதண்டபாணி, மகாபலிபுரம் போகிற வழியில் கடலோரமாக இருக்கும் ஒரு பெரிய விடுதியில் சாப்பிடப் போன இடத்தில், வரப்போகிற சம்பந்தியம்மாளின் பட்டுப்புடவைக்கு நெருப்பு வைத்துவிட்டார் என்று காஞ்சிபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. சில வருடமாக அணையாமல் எரிகிற நெருப்பு அது. பஸ் நிலையத்து டீக்கடையில் கேட்டால் முந்தானை மட்டும் கருகியது. ராஜ வீதியில் கேட்டால் பாதிப் புடவை போயிற்று. தென்னேரிப் பக்கம் போய்க் கேட்டால், அந்த அம்மாள் அப்படியே ஓடிக் கடலில் விழுந்துதான் பிழைத்தார்.

இதில் எனக்கு ஒரே ஒரு இடம் உறுத்தியது. கோதண்டபாணி ஒரு சின்னப் பழியையும் பொறுக்காத மனிதர். அவர் வீட்டுச் சாயத் தண்ணீர் தெருவில் ஓடுகிறது என்று சொன்னவரோடு இரண்டு தீபாவளி பேசவில்லை. அப்படிப்பட்டவர் இந்தப் பேச்சை மட்டும் மறுக்கவில்லை. யாராவது கேட்டால் சிரிக்கிறார். விசாரித்துப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோதண்டபாணி தறியில் உட்கார்ந்து ஆரம்பித்து, தறிக்காரர்களை உட்காரவைக்கும் முதலாளியாக உயர்ந்தவர். உயர்ந்த பிறகு அவருடைய கால்கள் தறிக்குழியை மறந்துவிட்டன. கைகள் மறக்கவில்லை. எதிரில் பட்டு என்று ஒன்று இருந்தால் அவர் விரல் அங்கே போய்விடும். விரல் சந்தேகப்பட்டால் ஓரத்தில் ஒரு நூலை உருவுவார். பீடி சிகரெட் தொடாதவர் பையில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும். நூலைக் கொளுத்திப் பார்ப்பார். சுத்தப் பட்டாக இருந்தால் சுருண்டு, தலைமயிர் கருகுகிற நாற்றம் அடித்து, தானே அணையும். ரேயான் கலப்பாக இருந்தால் காகிதம்போலப் பற்றிக் காகிதம்போல மணக்கும். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் எந்தத் தெருவில் போட்டது, எந்தத் தறியில் ஓடியது என்பதுவரை சொல்லிவிடுவேன் என்பார்.

இந்த வித்தையை அவர் இடம் பார்த்துச் செய்கிறவர் இல்லை. ஒரு சாவு வீட்டில், பிணத்தின்மேல் போர்த்தியிருந்த பட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “பாவம், போற வழியில ஏமாத்திட்டானுங்க” என்று துக்கம் சொன்னவர்.

இதில் அடிபட்டது அவர் மகள் கிருஷ்ணவேணி. அவளைக் கேட்டு வந்தவர்கள் தட்டில் புடவை வைத்துக்கொண்டு வருவார்கள். அப்பா தடவுவார். நூலை உருவுவார். தீக்குச்சி கிழிப்பார். “கலப்படப் பட்டு கட்டுற வீட்டுக்கு எம் பொண்ணு போவாது” என்பார். மூன்று சம்பந்தம் இப்படிப் புகையாகப் போயிற்று. அவளோடு படித்தவர்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வர ஆரம்பித்துவிட்டார்கள்.

நான்காவதாக வந்தது மாம்பலத்து வரன். பையன் ராஜவேலு, கம்பெனி உத்தியோகம். அப்பா கலியாணசுந்தரம் துறைமுகத்தில் அதிகாரி. கிருஷ்ணவேணிக்குப் போட்டோவிலேயே பையனைப் பிடித்துவிட்டது. கலியாணசுந்தரம் கடிதம் போட்டார். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் பெண்ணைப் பாடச் சொல்கிற வழக்கம் தங்களுக்கு இல்லையென்றும், நாகரிகமான ஒரு இடத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடலாமென்றும், இடத்தைத் தாமே தேர்ந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். செலவு யாருடையது என்று எழுதவில்லை. நாகரிகம்.

அந்த இடத்தின் பெயர் பல்லவபுரி. வாசலில் சிமெண்டுச் சிங்கம். உள்ளே பாறைக் கோயில்களை இடுப்பளவுக்குச் சுருக்கிக் கட்டி, நடுவே ஒரு குட்டி ரயில் விட்டிருந்தார்கள். மோட்டார் வைத்த பல்லவ ராஜா ஒருவர் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். குளத்தில் அன்னப் படகு. காஞ்சிபுரத்துக்காரர்கள் நிஜப் பல்லவன் கட்டிய மதில் ஓரமாக மாட்டைக் கட்டிவிட்டு, சுண்ணாம்புப் பல்லவனைப் பார்க்க டிக்கெட் வாங்குகிறவர்கள். கோதண்டபாணியும் வாங்கினார். ஏறியபோது ராஜவேலுவும் கிருஷ்ணவேணியும் ரயிலில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டி. இறங்கியபோது எப்படியோ ஒரே பெட்டி.

கார் ஓட்டிக்கொண்டு போன முனிரத்தினத்தை முதலில் பிடித்தேன். அவரை உள்ளே சாப்பிடக் கூப்பிடவில்லை. சிமெண்டு யானைக்குக் கீழே நின்று கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்திருக்கிறார்.

“நெருப்பைப் பாத்தீங்களா?”

“பாத்தேனே. பக்குனு எரிஞ்சிச்சி.”

“எவ்வளவு பெரிசு?”

முனிரத்தினம் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தார். யோசித்தார். பாதியாகக் குறைத்தார். “நான் இன்னா பொய்யா சொல்றேன். அவ்ளோதான் இருந்துச்சி. ஆனா அப்பறம் யாரும் பேசலபா. வாய்லயே கொழுக்கட்டை வெச்ச மாதிரி உக்காந்துக்கினு இருந்தாங்க. ஐஸ்கிரீம் அப்டியே கரையுது. அத்தப் பாத்துக்கினு நிக்க எனக்குத்தான் வயிறு எரிஞ்சிச்சி.”

மீதியைச் சொன்னவர் கோதண்டபாணியின் மனைவி ஜெயம்மாள். எதற்காகச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “எல்லாரும் அவரத்தான் கேட்டாங்க. என்னை இதுவரைக்கும் யாரும் கேக்கலையே” என்றார்.

அன்று கிளம்பும்போதே கிருஷ்ணவேணி அப்பாவை நிறுத்திவைத்துப் பேசியிருக்கிறாள்.

“நைனா, அங்க யாரு துணி மேலயும் கை வெக்கக் கூடாது.”

“நான் ஏம்மா வெக்கப் போறேன்.”

“தீப்பெட்டியக் குடு.”

அவர் கொடுத்தார். இன்னொரு பையிலிருந்த தீப்பெட்டியையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு ‘அரசவை’ என்று பெயர். பரிமாறுகிறவர்கள் அரண்மனைக் காவலர் வேஷத்தில் தலைப்பாகையும் ஈட்டியுமாக நின்றார்கள். ஒருவன் குனிந்து சலாம் வைத்தான். கோதண்டபாணி பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, அவன் நிமிர்வதற்குள் தலைப்பாகை ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, “ஜிகினா” என்றார். கிருஷ்ணவேணி ஒரு பார்வை பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டார். மேசையில் கிரீடம்போல மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்தார். “காட்டன். இருவதாம் நம்பர் நூலு. கஞ்சி ஜாஸ்தி.” மறுபடியும் ஒரு பார்வை. அதற்குப் பிறகு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கூடம் அரையிருட்டாக இருந்தது.

“கரண்டு இல்லியா பா?” என்று காவலனைக் கேட்டார்.

“இருக்குதுங்க சார். இங்க இப்படித்தான்.”

சொல்லிவிட்டு அந்தக் காவலன் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, சரியாகக் கோதண்டபாணிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனான். கிருஷ்ணவேணியின் கைப்பையில் இரண்டு தீப்பெட்டியும் பத்திரமாக இருந்தன.

சூப் வந்தது. ரசம் ஆறிப்போய்விட்டது என்று ஜெயம்மாள் சொன்னார். ராஜவேலுவின் அம்மா ஏலவார்குழலி, அது ரசமில்லை என்று விளக்கினார். அந்த அம்மாளுக்குக் காஞ்சிபுரத்து அம்மன் பெயர். பாட்டன் காலத்தில் இந்த ஊரிலிருந்து போன குடும்பம். ஆனால் ஊரைப் பற்றிப் பேசும்போது, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவர் மாதிரிதான் பேசுவார். அரக்கு நிறத்தில் பெரிய கரை போட்ட புடவை. உட்காரும்போது முந்தானையை மேசைமேலேயே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் புடவையெல்லாம் நாங்க மெட்ராஸ்ல பெரிய கடையிலதான் எடுப்போம். காஞ்சிபுரத்துல நேரா வாங்கினா ஏமாத்திடறாங்க. இதப் பாருங்க, இது சுத்தப் பட்டு.”

கோதண்டபாணியின் வலது கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. தானாகவே வந்ததாம். முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து ஒரு தேய்ப்பு. முகம் மாறியது.

“சம்பந்தியம்மா, ஒரே ஒரு நூலு.”

“என்னது?”

குஞ்சத்திலிருந்து நூல் அதற்குள் வந்துவிட்டது. மெழுகுவத்தியில் காட்டினார். குப்பென்று பற்றியது. முனிரத்தினம் பார்த்த நெருப்பு இதுதான், சுண்டுவிரல் நீளம். அரசவை முழுக்கப் பழைய பேப்பர் எரிகிற வாசனை.

“காயிதம். குறுக்க ஓடற ஊடைதான் பட்டு, பாவு பூரா ரேயானு. எவனோ உங்களை நல்லா ஏமாத்திருக்கான் சம்பந்தியம்மா. நம்ம ஊருப் பேரைக் கெடுக்கறதே இந்த மாதிரிப் பசங்கதான். பட்டுல சூது பண்றவன் பரம்பரையே வெளங்காது. அவன் வூட்ல ஒரு நல்லது நடக்காது, எழுதி வெச்சிக்குங்க.”

ஜெயம்மாளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கரையைப் பார்த்திருந்தார். “வாய மூட்றதுக்காக மேசைக்கி அடியில நல்லா ஒரு மிதி மிதிச்சேன். மிதிச்சது மேசைக் காலை. சூப்புதான் ஆடிச்சி. இவரு சாபத்தை நிறுத்தல. எம் பொண்ணு எதுர்ல உக்காந்துக்கினு இருக்கறா, சாபம் அவ தலைக்கி மேலயே போவுது.”

எந்தப் பாவி நெய்தான் என்று காட்டுவதற்காகக் கோதண்டபாணி முந்தானையை மெழுகுவத்திப் பக்கம் விரித்தார். கரை நெடுக அன்னம். வரிசையாக, கழுத்தை வளைத்துக்கொண்டு, ஒன்றுக்கும் மூக்கில்லை.

இங்கே தென்னேரியைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் எந்த நூல் ஓடுகிறது என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும். ஆகவே கோதண்டபாணி சில வேலைகளுக்குத் தென்னேரியில், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கமாக, நாலைந்து தறி போட்டிருந்தார். சென்னைக் கடைக்காரர் விலையைக் குறைக்கச் சொன்னபோது பட்டைக் குறைத்தது அங்கேதான். கரையில் உருவம் விழுவதற்கு ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். தென்னேரி அட்டையில் மூக்கு வரவேண்டிய இடத்தில் துளை விட்டுப்போயிற்று. புது அட்டை வெட்டினால் செலவு. மெட்ராஸ்காரனுக்கு அன்னத்துக்கு மூக்கு இருக்கும் என்பதா தெரியப்போகிறது என்று விட்டுவிட்டார். காஞ்சிபுரத்தில் எத்தனையோ அன்னம் உண்டு. மூக்கில்லாதது அவருடையது மட்டும்தான்.

கோதண்டபாணியின் விரல் முந்தானையை விட்டுவிட்டது. கலியாணசுந்தரம் துறைமுகத்தில் சுங்கச் சோதனைக்குப் பெட்டி திறக்கிறவர்களைப் பார்த்துப் பழகியவர். மனிதர் வாயடைத்து நிற்கும் கணத்தை அவருக்குத் தெரியும்.

“எந்தத் தறின்னு பார்த்த உடனே சொல்லிடுவீங்கன்னு கேள்விப்பட்டேனே. சொல்லுங்க சம்பந்தி.”

“வெளிச்சம் பத்தல.”

கலியாணசுந்தரம் விரலைச் சொடுக்கினார். ஒரு காவலன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு இன்னொரு மெழுகுவத்தி கொண்டுவந்து வைத்தான்.

“இப்ப?”

“கண்ணாடி வூட்ல வெச்சிட்டு வந்துட்டேன்.”

கோதண்டபாணி கண்ணாடி போடுகிறவர் இல்லை. ராஜவேலு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று சம்பந்தத்தை எரித்த தீ நான்காவதின் ஓரத்தில் பிடித்திருக்கிறது என்று கிருஷ்ணவேணிக்குத் தெரிந்துவிட்டது. அவள்தான் வாயைத் திறந்தாள்.

“அது தென்னேரித் தறி நைனா. நம்ம தறி.”

ஏலவார்குழலியம்மாளுக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியதற்காக என்று நினைத்தால் உங்களுக்கு அந்த அம்மாளைத் தெரியவில்லை. “இந்தப் புடவையைக் கட்டிட்டுத்தானே போர்ட் டிரஸ்ட் சேர்மன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளுங்க” என்றார். கலியாணசுந்தரம் மனைவியை அன்னப் படகுப் பக்கமாக அழைத்துக்கொண்டு போனார். ஐஸ்கிரீம் வந்து கரைந்து தண்ணீராகும்வரை இருவரும் பேசினார்கள்.

அங்கே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஊகிக்கலாம். நிமிர்ந்து நிற்கிற சம்பந்தியைவிடக் குனிந்து நிற்கிற சம்பந்தி வசதி. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த அம்மாளின் குரல் மெழுகுபோல இளகியிருந்தது.

“நான் ரேயான் கட்டினேன்னு மாம்பலத்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. இதே அரக்கு, இதே அன்னம், மூக்கோட, சுத்தப் பட்டுல ஒண்ணு நெய்து குடுத்திடுங்க. முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கலாம்.”

“தர்றேன் சம்பந்தியம்மா. தறியில ஏத்திட வேண்டியதுதான்” என்றார் கோதண்டபாணி. அந்த நேரத்தில் கடலையே கரை போட்டு நெய்து தரச் சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்.

அப்புறம் ஒரு சின்னப் பிரச்சினை. புதுசு தறியிலிருந்து இறங்கும்வரை, அத்தனை பேர் தொட்டுப் பார்த்த புடவை எங்கே என்று மாம்பலம் கேட்குமே. மெழுகுவத்தி பட்டு எரிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றார் கலியாணசுந்தரம். எப்படிப் பட்டது என்று கேட்பார்களே. கோதண்டபாணி தாமாக முன்வந்து, “நான் வெச்சேன்னு சொல்லிடுங்க. நானே ஊர்ல சொல்லிடறேன்” என்றார். சொன்னார். தெருத்தெருவாகச் சொன்னார். காஞ்சிபுரத்தில் ரேயான் நெய்தவன் என்ற பெயரைவிடச் சம்பந்திக்குத் தீ வைத்தவன் என்ற பெயர் கௌரவம். அவர் ஏன் மறுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அந்தப் புடவை எங்கே?” என்று ஜெயம்மாளைக் கேட்டேன்.

“நாங்களே வாங்கி வெச்சிக்கினோம். உங்க பின்னாலதான் இருக்குது.”

திரும்பினேன். ரேடியோவுக்கு அரக்கு நிறத்தில் உறை போட்டிருந்தது. வந்ததிலிருந்து அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கும் நெருப்புப் பட்ட தடமே இல்லை. குஞ்சத்தில் ஒரே ஒரு நூல் குறைகிறது.

கல்யாணம் நடந்தது. கிருஷ்ணவேணி மாம்பலத்தில் குடித்தனம் நடத்துகிறாள், அவள் பையன் பள்ளிக்கூடம் போகிறான். அப்பா மாம்பலம் போகும்போதெல்லாம் வாசலிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்கிறாளாம். தாம்பூலத்தில் வாக்குக் கொடுத்த எல்லாமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அந்த ஒரு புடவையைத் தவிர. அதற்குப் புது அட்டை வெட்ட வேண்டும். புது அட்டை வெட்டினால், பழைய அட்டைக்கு என்ன குறை என்று வெட்டுகிறவன் கேட்பான்.

போன பொங்கலுக்கும் ஏலவார்குழலியம்மாள் ஆள் விட்டுக் கேட்டார். “தறியில இருக்குதுன்னு சொல்லு” என்று கோதண்டபாணி பதில் சொல்லி அனுப்பினார்.

தென்னேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தறி இருக்கிறது. அதில் வேறு யாருக்கோ அன்னம் ஓடிக்கொண்டிருக்கிறது. மூக்கு இன்னும் வரவில்லை.