ஒற்றை வாசல் டென்ட்

இதை எழுத வேண்டும் என்று ஆறு வருடமாக நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நோட்டைத் திறந்து மூடி வைத்துவிடுவேன். எட்டாவது வரை படித்தவள், சிரிப்பார்களே என்ற பயம்தான். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள்தான் நான். ஆனாலும் அம்மன் நேரில் வந்தாள், கூப்பிட்டாள் என்று யாராவது சொன்னால், அப்படியா என்று கேட்டுக்கொள்வேனே தவிர நம்பியதில்லை.

நாங்கள் மீஞ்சூர். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை. ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய், ஆற்றங்கரை மணலில் ஒரு நாள் தங்கிப் பொங்கல் வைத்துவிட்டு வருவது வழக்கம். எப்போதும் தார்ப்பாய் கட்டித்தான் தங்குவோம். அந்த வருடம் மகள் மோனிஷாவுக்கு ஐந்து வயது. அவளுக்காக டென்ட் வாங்கலாம் என்று கும்மிடிப்பூண்டியில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்கார பாய் பொறுமையாகச் சொன்னார். "மணல்ல ஆணி நிக்காதும்மா. கம்பி வளைஞ்சு தானா நிக்கிறதா எடுங்க. நாலு பேருக்குன்னு போட்டிருந்தா ரெண்டு பெரியவங்க, ஒரு பாப்பான்னு வெச்சிக்கோங்க."

கடையில் பச்சை டென்ட் ஒன்றை விரித்து வைத்திருந்தார். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். எனக்கு அதுதான் பிடித்தது. மூடிய இடம் என்றால் எனக்கே மூச்சு முட்டும். விலைதான் கூடுதல்.

"நம்ம ஊட்டுக்கே ஒரே வாசல்தாமே, இதுக்கு ரெண்டா?" என்றார் இவர். "உள்ள இன்னா கல்யாணமா பண்ணப் போறோம்?"

பாயும் சிரித்தார். ஒற்றை வாசல் வைத்த நீல டென்ட்டை வாங்கி வந்தோம். அம்மா, எங்களுக்கு இன்னொரு வழி வெச்சிரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். விளையாட்டாகத்தான்.

ஆற்று மணலில் எல்லோரும் கோயிலைப் பார்த்துத்தான் வாசல் வைப்பார்கள். நாங்களும் அப்படியே வைத்தோம். அடுப்பையும் அதே பக்கம் மூட்டினோம், அந்தத் துணி எப்படிப் பற்றும் என்று தெரியாமல். மத்தியானம், மோனிஷா உள்ளே தூங்கினாள். மணல் பறந்ததால் ஜிப்பை இழுத்து மூடியிருந்தேன். இவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். பொங்கல் பொங்கி வந்தது, ஒரே காற்று, தீப்பொறி வாசல் துணியில் விழுந்தது. நம்பினால் நம்புங்கள், மூச்சு விடும் நேரத்தில் வாசல் முழுக்க உருகிச் சொட்டியது. கை வைக்க முடியவில்லை. "மோனி! மோனி!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

அப்போது டென்ட்டின் பின்பக்கம் சர்ரென்று ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது. சுற்றி ஓடினேன். மகள் வெளியே நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லை. பக்கத்திலிருந்தவர்கள் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார்கள்.

"எப்டிடி வந்த?" என்று கேட்டேன்.

"நீதானே பின்னாடி தொறந்து, வாடின்னு கூப்ட்ட?" என்றாள்.

நான் முன்பக்கம் நின்றிருந்தேன். இவர் ஓடி வந்து எரியாத பாதி டென்ட்டைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஒரே துணி. தையல் பிரியவில்லை, கிழியவில்லை, ஜிப்பும் இல்லை. மகளின் கையை விரித்தோம். உள்ளே ஜிப்பை இழுக்கும் பிடி ஒன்று இருந்தது. பச்சை நிறம். எங்கள் டென்ட் முழுக்க நீலம். அதன் ஜிப்பில் இருந்த இரண்டு பிடிகளும் பாதி உருகி அதிலேயே ஒட்டியிருந்தன.

அடுத்த வாரம் இவர் மட்டும் அந்தக் கடைக்குப் போய்வந்தார். பச்சை டென்ட் இன்னும் இருந்ததா, அதில் என்ன பார்த்தார் என்று கேட்டேன்.

"உடுமே, பேஜாரு பண்ணாத" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

ஆனால் அந்த மாதமே கொத்தனாரை வரவைத்து, எங்கள் வீட்டின் பின்சுவரை இடித்து ஒரு கதவு வைத்தார். வெளியே சாக்கடைதான், அந்தப் பக்கம் யாரும் போக மாட்டோம். படுக்கப் போகும்முன் அந்தக் கதவை ஒரு தடவை திறந்து மூடிவிட்டுத்தான் படுப்பார்.

அந்தப் பச்சைப் பிடி என் குங்குமச் சிமிழில் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அம்மனைப் பார்த்தேன் என்று நான் சொன்னதாகக் கூட்டிச் சொல்ல வேண்டாம், குழந்தை கனவு கண்டது என்று குறைக்கவும் வேண்டாம். எழுதியிருப்பதை அப்படியே சொன்னால் போதும்.