பனிக்கும் எடை உண்டு

பொம்மசந்திராவில் மாலை நான்கு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் முதலில் பார்ப்பது டொரன்டோவில் எவ்வளவு பனி விழுந்திருக்கிறது என்பதைத்தான். அங்கே அப்போது காலை ஐந்தரை. எங்கள் தளத்தில் இருக்கும் நாற்பது பேரில் ஒருவரும் பனிப்பொழிவை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த நகரத்தில் எந்தச் சாலையை முதலில் திறப்பார்கள், எந்தப் பேருந்து ஓடாது என்பதை எங்களால் சொல்ல முடியும். வெளியே பெங்களூரு டிசம்பருக்காகக் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு நடக்கிறது. உள்ளே ஏசி ஓடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து நான் ஒரே ஸ்வெட்டரை மாட்டியிருக்கிறேன்.

வேலை இதுதான். அந்த நகரத்தில் தனியாக வாழும் முதியவர்களின் வீட்டுக்குத் தினமும் காலையில் ஒரு பெண் போவார். சர்க்கரை அளவு பார்த்து, மாத்திரை கொடுத்து, சாப்பாடு எடுத்துவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். யார் எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்பதைத் திரையில் வரிசைப்படுத்துவதும், தாமதமானால் அந்த வீட்டுக்குப் போன் செய்து சொல்வதும் எங்கள் பொறுப்பு. போனில் என் பெயர் சாம். தூத்துக்குடியில் செல்வகுமார். அங்கே ஒரு நாளிதழின் உதவி ஆசிரியராகப் பன்னிரண்டு வருடம் இருந்தேன். அந்தப் பதிப்பை மூடியபோது ஆங்கிலம் தெரியும் என்ற ஒரே தகுதியுடன் இங்கே வந்தேன். மனைவி அங்கே பள்ளி ஆசிரியை, மகள் பத்தாம் வகுப்பு. அதனால் நான் மட்டும் வந்தேன். இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். எந்த ஊரின் குளிர்காலம் என்று கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. டொரன்டோவில் முந்தைய மாலையில் தொடங்கிய பனிப்புயல் விடிந்தும் விடவில்லை. வேலைக்குப் போக வேண்டிய பெண்களில் பாதிப் பேர் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரை வைத்து எந்த முதியவரை விடலாம், யாரை விடக் கூடாது என்று பிரித்துக்கொண்டிருந்தோம். விடக் கூடாதவர்களில் ஒருவர் ஆர்தர். எண்பத்தொரு வயது, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இலையுதிர் காலத்தில்தான் இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சர்க்கரையும் உண்டு. அவருக்குப் போக வேண்டியவர் வசந்தி. பேருந்து இல்லாததால் நடந்து வருவதாக அவர் செய்தி அனுப்பியிருந்தார்.

எங்கள் கடிகாரத்தில் ஆறரை ஆனபோது பனி நின்றுவிட்டதாகத் திரை காட்டியது. நான் உடனே ஆர்தரைக் கூப்பிட்டேன். “புயல் முடிந்துவிட்டது சார். ஒரு மணி நேரத்தில் வசந்தி வந்துவிடுவார்” என்றேன். ‘மழை ஓய்ந்தது, இயல்பு நிலை திரும்பியது’ என்று எத்தனையோ முறை தலைப்பு போட்டவன் நான். நிற்பது என்றால் முடிவது என்று கை பழகியிருக்கிறது. ஆர்தர் மிகவும் மகிழ்ந்து நன்றி சொன்னார். அவள் வருவதற்குள் படிகளில் இருக்கும் பனியை அள்ளிப் போட்டுவிடுகிறேன் என்றார். அங்கே அது வழக்கம். தன் வீட்டு முன்வழியை வீட்டுக்காரர்தான் சுத்தம் செய்ய வேண்டும். வருகிறவர் வழுக்கி விழுந்தால் வீட்டுக்காரருக்குத்தான் அவமானம். நமக்கு வாசல் தெளிப்பதுபோல அவருக்கு அது என்று எடுத்துக்கொண்டேன். “உங்களுக்கு நல்ல மனசு சார்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பிரபு என் பக்கம் திரும்பினான். எங்கள் குழுவின் தலைவன். என்னைவிட எட்டு வயது இளையவன். பெங்களூரின் நீலசந்திராவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடித்துவிட்டு, மாறியதே தெரியாமல் உட்கார்ந்திருப்பான்.

“சார், அவரு இன்னா பண்றேன்னாரு?”

“படியைச் சுத்தம் பண்றேன்னாரு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“நல்ல மனசுன்னு சொன்னேன்.”

“ஹார்ட் ஆபரேஷன் பண்ணவரு சார். பனி இன்னா தலகாணிப் பஞ்சா, ஊதுனா போறதுக்கு? மொதோ வருசம் எனக்கும் ஒரு பெரியவரு இருந்தாரு. வாசல்ல பனி வாரப் போனாரு. அப்புறம் உள்ளயே வரல. ஃபோன் போடுங்க, சீக்கிரம், பேக பேக.”

எங்கள் ஊரில் பனியைப் பார்த்ததில்லையே தவிர வெள்ளை மலைகளை நான் பார்த்திருக்கிறேன். உப்பளங்களில் குவியல் குவியலாகக் கிடக்கும். வெளியூரிலிருந்து வரும் செய்தியாளர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பனிமலை போல இருக்கிறது என்பார்கள். ஒருமுறை ஒருவர், வேலை செய்கிற பெண்ணிடமிருந்து விளையாட்டாகக் கூடையை வாங்கித் தலையில் வைத்தார். நான்கு அடி நடப்பதற்குள் கழுத்து கோணிவிட்டது. அந்தப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஈர உப்பின் கனம் தெரியாதவர்கள் என்று அன்றைக்கு எனக்கு ஓர் அலட்சியம். அதே அறியாமையை அப்படியே பனியின் மேல் வைத்திருந்தேன் என்பது பிரபு சொன்ன பிறகுதான் புரிந்தது. படத்தில் பார்த்தது, படத்தில் எடை தெரியாதது.

ஆர்தரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. பெங்களூருவிலிருந்து அந்த நகரத்தின் ஆம்புலன்ஸை எங்களால் நேராகக் கூப்பிட முடியாது. பிரபு அங்குள்ள அலுவலகத்தைப் பிடித்தான். ஆம்புலன்ஸ் புறப்படும், ஆனால் அந்தத் தெரு இன்னும் திறக்கவில்லை, எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது என்றார்கள். நான் ஆர்தரின் கோப்பைத் திறந்தேன். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒரே ஒரு பெயர் இருந்தது: மகள், வான்கூவரில். விமானத்தில் போனாலே ஐந்து மணி நேரம். பக்கத்து வீடு என்று ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை.

வசந்தியைக் கூப்பிட்டேன். அலுவலக விதிப்படி ஆங்கிலம்தான். எங்கே இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் பிரபுவின் பக்கம் திரும்பி, “எடுக்கவே மாட்டேங்கிறாரு பிரபு” என்றேன். மறுமுனையில் ஆங்கிலம் போய் யாழ்ப்பாணத் தமிழ் வந்தது.

“தம்பி, நீங்கள் தமிழோ? இரண்டு வருசமா இங்கிலீசிலயெல்லோ என்னை வெருட்டிக்கொண்டு இருந்தனீங்கள்.”

“ஆமாக்கா. ஆர்தர் பனி அள்ள வெளிய போயிருக்காரு. நான்தான் தடுக்காம விட்டுட்டேன். இப்ப ஃபோன் எடுக்கல.”

“ஐயோ, அந்த மனுசனோ. நான் மூலைக் கடையடியில நிக்கிறன். முழங்கால் வரை புதையுது. வைக்காதேங்கோ, லைனில நில்லுங்கோ.”

லைனில் நின்றேன். அவருடைய மூச்சு, பிறகு ஒரு நறுக்கென்ற ஒலி, மீண்டும் மூச்சு. ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்டது. ஒரு கால் புதைவதற்கும் அடுத்த கால் வெளியே வருவதற்கும் இடையே இருந்த நேரத்தில்தான் பனியின் எடையை நான் முதல்முறை அறிந்தேன் என்று சொல்ல வேண்டும். பிரபு தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் நாற்காலியின் பின்னால் வந்து நின்றான். பத்து நிமிடம் இருக்கும். “ஆர்தர், ஆர்தர்” என்று வசந்தி கத்துவது கேட்டது. பிறகு போன் எங்கோ விழுந்த சத்தம்.

மீண்டும் அவர் குரல் வந்தபோது மூச்சிரைத்தது. “இருக்கிறார் தம்பி. படியில குந்திக்கொண்டு இருக்கிறார். பனி அள்ளுற சவளைப் பிடிச்சபடி, எழும்பேலாமல். மூன்று படி வழிச்சுப்போட்டார், நாலாவதில மாட்டுப்பட்டுப் போனார். நான் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போறன்.”

சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. இனிப்பான பழச்சாறு கொடுத்துக் கம்பளியில் சுற்றி உட்காரவைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸ் வந்து, நெஞ்சைப் பார்த்து, இப்போதைக்குப் பயமில்லை என்று சொல்லிப் போனது. அதற்குப் பிறகு ஆர்தரே என்னிடம் பேசினார். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. நாலாவது படி பாக்கி இருக்கிறது என்பதுதான் அவர் கவலை. உங்கள் பக்கம் எப்படி, வாசல் பனியை அள்ளிவிட்டீர்களா என்று கேட்டார். நாங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லக் கூடாது. “இன்னும் இல்லை சார்” என்றேன். அப்படியென்றால் அவசரப்படாதே, நடுவில் நடுவில் உட்கார்ந்து எழு என்று எனக்கு அறிவுரை சொன்னார்.

“டீ குடிச்சிட்டு வாங்க சார், மூஞ்சியே சரியில்ல” என்றான் பிரபு. பிறகு, “உங்க ஃபைல்ல லோக்கல் கான்டாக்ட் யாரு போட்டுருக்கீங்க?” என்று கேட்டான்.

மனைவியின் எண்ணைப் போட்டிருந்தேன். தூத்துக்குடி, இங்கிருந்து பேருந்தில் ஓர் இரவு முழுக்க. உள்ளூர் என்ற கட்டம் காலி. மூன்று வருடமாக யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நீலசந்திராவில் பிறந்தவனுக்குத் தெருவே உள்ளூர்த் தொடர்பு. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் எதிர்வீட்டுக்காரர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தக் கதவைத் தட்டினேன். ஒரு நடுத்தர வயதுப் பெண் திறந்தார். “நம்பர் பேக்கு” என்றேன். வேண்டும் என்று கேட்க எனக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். கணவர் வந்ததுமே, பைக்கை இனிமேல் உங்கள் வழியில் நிறுத்தமாட்டேன் என்று தமிழும் கன்னடமும் கலந்து சமாதானம் சொல்லத் தொடங்கினார். பைக் இல்லை, எனக்கு ஏதாவது ஆனால் ஆபீஸ்காரர்கள் கூப்பிட ஓர் எண் வேண்டும் என்று விளக்கினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “உடம்புக்கு ஏனாதரூ ப்ராப்ளமா?” என்று அந்தப் பெண் தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை என்று நான் சொன்னதை நம்பியதாகத் தெரியவில்லை. பெயர் சாந்தம்மா. எண்ணைத் தந்துவிட்டு என்னுடையதையும் வாங்கிக் குறித்துக்கொண்டார். ஒரு கிண்ணத்தில் உப்பிட்டு என்று அவர்கள் சொல்லும் உப்புமாவும் வந்தது, நோயாளிக்குக் கொடுப்பதுபோல நெய் குறைத்து.

அதற்கடுத்த நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், குளித்துவிட்டு மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தேன். “அரையாண்டு லீவு விட்டாச்சு, எப்ப வாரீய?” என்று அவள் கேட்டாள். இரண்டு நாள் பொறு, டொரன்டோவில் இன்னும் தெருவெல்லாம் திறக்கவில்லை, யாருக்கும் விடுப்புக் கிடையாது என்றேன். அப்போது இன்னோர் அழைப்பு குறுக்கே வந்தது. சாந்தம்மா. தண்ணீர் லாரி வந்திருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

“கொஞ்சம் இரு, வீட்டுலேர்ந்து கூப்பிடுதாங்க” என்றேன் மனைவியிடம்.

“வீட்டுலேர்ந்தா?” என்றாள். “அப்பம் நான் எங்கேருந்து பேசுதேன்?”