பத்தடி முன்னால்

சென்னையில் எனக்கு எல்லா வழியும் தெரியும் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே நான்தான். களமருதூரிலிருந்து யாராவது சென்னைக்குக் கிளம்பினால் எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் படியேற வேண்டும் என்று கேட்காமலே சொல்லிவிடுவேன். அதனால் எங்கள் மகள் நர்சிங் பட்டம் வாங்கும் நாளுக்கு, "பேசாம ஆட்டோ பிடிச்சு வந்துடுங்கப்பா" என்று அவள் போனில் சொன்னபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மெட்ரோவுல வரோம். எனுக்குத் தெரியாத மெட்ராஸா?"

விழா மண்டபத்தில் பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு பாஸ் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். என் மனைவி இதை ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் அவள். மகள் கறுப்பு அங்கியோடு மேடையேறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர, அந்த வருடம் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

விடியுமுன் உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி மெட்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது எட்டே முக்கால். நேரம் நிறைய இருந்தது. ஆனால் எனக்குக் கால் நிற்காது. வேட்டியை மடித்துக் கட்டிவிட்டால் எங்கே போனாலும் பத்தடி முன்னால்தான் போவேன். இரண்டு பாஸ், இரண்டு டிக்கெட், அவளுடைய போன், பர்ஸ் எல்லாம் என் தோள்பையில் இருந்தன. கூட்டத்தில் எதையாவது தொலைத்துவிடுவாள் என்று நானே வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் நடையைப் பற்றி மட்டும் நான் கவலைப்பட்டதே இல்லை. மலைமேல் இருக்கும் கரியாலூரில் பிறந்து வளர்ந்தவள். அங்கே கடைக்குப் போனாலும் ஏற்றம், திரும்பினாலும் ஏற்றம். "மலைக்காரி, உட்டா மெட்ராஸுக்கே நடந்து வந்துடுவா" என்று சொந்தக்காரர்கள் நடுவில் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

ரயில் வந்தது. ஏறி, காலியாக இருந்த சீட்டைத் தட்டி "வா, வா" என்று திரும்பினேன். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலைந்து அடி தள்ளி அவள் நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் மகளுக்குச் செய்த அதிரசம் இருந்த தூக்கு. எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் நிற்கும். நானும் கதவைத் தட்டத்தான் செய்தேன். ரயில் அது பாட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த நிலையம் வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அவள் போனுக்கு அடித்தேன்; என் பைக்குள்ளேயே மணி அடித்தது. அவளிடம் வெளியே போக டிக்கெட் இல்லை, கையில் பத்து ரூபாய் இல்லை. அந்த ஊரில் என்னைத் தவிர அவளுக்கு ஒன்றுமே இல்லாதபடி நான்தான் அவளை அழைத்து வந்திருந்தேன். பயந்துபோனேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன். அவள் அங்கேயே ஒரு பெஞ்சில், முழங்காலில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"இன்னா வேடிக்க பாத்துக்கினு நின்ன? உன் கண்ணு முன்னால தானே ஏறினேன்?"

அவள் கையை நீட்டினாள்.

"என் பாஸக் குடுங்க. டிக்கெட்டு, போனு, பர்ஸு எல்லாத்தையும் குடுங்க."

கொடுத்தேன்.

நாங்கள் இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கியபோது பத்து மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு பெண் போலீஸிடம் வழி கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் நடப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். இடது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மண்டபத்துப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, குழந்தை ஏறுவதுபோல் ஒவ்வொரு படியாக ஏறினாள். சீக்கிரம் போக மனசு அடித்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது. தூக்கை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டேன். கதவைச் சாத்த வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தார்.

கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. மகளின் பெயரை வாசித்ததும் அவள் எழுந்து நின்று கைதட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினாள். கன்னமெல்லாம் கண்ணீர். உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"கால்ல வலி எப்பலேர்ந்து?"

"அது ஆவுது ரெண்டு வருஷம்."

"ஏன் என்னாண்ட சொல்லல?"

மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாள்.

"நீங்க முன்னால போய்க்கினே இருந்தீங்க. நான் யாராண்ட சொல்றது?"