பதினோரு ஒன்றுகளை உடைத்தவர்

முருகேசன் கண்டுபிடித்ததை அவர் பெயரை வெட்டிவிட்டு என் பெயரில் அச்சிட்டார்கள். நாற்பது வருடமாகிறது. இன்னும் திருத்தவில்லை.

தாராவி தோல் கிடங்கில் உப்பும் ஈரத்தோலும் கலந்து ஒரு வாடை அடிக்கும்... ஞாயிறன்று தேய்த்துக் குளித்தாலும் முருகேசனின் கையை விட்டுப் போகாது. அவர் தோலுக்கு உப்புத் தேய்ப்பவர். நான் அங்கேயே சரக்கு எழுதுபவன். இருவரும் ஆறாம் வகுப்போடு நின்றவர்கள்.

ஞாயிறுதோறும் என் அறையில் எண்களை வகுத்துக்கொண்டிருப்போம். ஒன்றுகளை மட்டும் வரிசையாக எழுதினால் வரும் எண்கள் மேல் எங்களுக்குப் பித்து.

ஐந்து ஒன்றுகள் என்றால் 41 பெருக்கல் 271. இரண்டையும் பத்தால் வகுத்தால் மீதி ஒன்று. ஏழு ஒன்றுகள், 239 பெருக்கல் 4649. பதினான்கால் வகுத்தால் மீதி ஒன்று. அப்படியானால் பதினோரு ஒன்றுகளுக்கு, இருபத்திரண்டால் வகுத்து ஒன்று மிஞ்சும் எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்றார் முருகேசன். ஏன் என்று இருவருக்கும் சொல்லத் தெரியாது.

வர்க்கமூலம் வரை, அதாவது ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை பார்த்தால் போதும். அதில் மூன்று, ஐந்து, ஏழால் வகுபடுகிறவற்றைத் தள்ளியும் இரண்டாயிரத்துக்கு மேல் மிஞ்சின. நான்தான் வகுத்தேன். ஒவ்வொரு கணக்கையும் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் சரிபார்த்தேன். ஒரு வருடம் கழித்து, இது பகா எண் என்றேன்.

"ஒம்போது சரின்னா ஆச்சா வே? எலக்கம் எடம் மாறிக் கெடந்தா அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வருசம் வகுத்தவன் நான். நீரு நொட்டை சொல்லுதீரா?"

"இருந்தா சொல்லத்தான செய்வேன்."

நோட்டுகளை வாங்கிப்போய் முதலிலிருந்து வகுத்தார். நாலு மாதத்தில் பிடித்துவிட்டார். 21649-இல், முதல் கழித்தலிலேயே 2866 வர வேண்டிய இடத்தில் 2686 என்று எழுதியிருந்தேன். கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். அவர் வகுத்தபோது மீதி பூஜ்யம். 21649 பெருக்கல் 513239.

வேறு யாரோ எங்களுக்கு முன்பே கண்டது என்று பிறகு தெரிந்தது. இருக்கட்டும். எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மாட்டுங்காவில் ஒரு கணித மன்றம் இருந்தது. அதன் ஆண்டு மலருக்கு இரண்டு பெயரும் போட்டு எழுதிக் கொடுத்தேன். வந்ததில் என் பெயர் மட்டும். முருகேசனையும் அழைத்துக்கொண்டு போய்ச் செயலாளரிடம் கேட்டேன்.

"உப்புத் தேய்க்கறவர் பேரெல்லாம் எதுக்கு சார்? கூட்டத்துக்கு வரப்போறாரா என்ன?"

முருகேசன் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார். கேட்டிருக்கும். நான் வாய் திறக்கவில்லை.

"வாரும் வே, பஸ் போயிரும்," என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்... போன மழைக்காலத்தில் ஆண்டாப் ஹில்லில் இறந்துபோனார்.

இன்று போனில் பதினோரு ஒன்றுகளைத் தட்டினால், விரலை எடுப்பதற்குள் விடை வருகிறது. மன்றமும் பழைய மலரை இணையத்தில் ஏற்றிவிட்டது. அதிலும் என் பெயர்தான்.

மன்றத்தின் இப்போதைய செயலாளர் அந்தப் பக்கத்தில் முருகேசனின் பெயரை முதலில் போட வேண்டும். மலரை வீட்டில் வைத்திருக்கும் உறுப்பினர்கள் அவர் பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்க்க வேண்டும். தலைவர் மன்னிப்புக் கடிதத்தை அவர் மகளிடம் நேரில் கொடுக்க வேண்டும், தபாலில் அல்ல. அன்று நான் பேசாமல் நின்றதை அவளிடம் நானே சொல்ல வேண்டும். அவளுக்கு அது இன்னும் தெரியாது.