கட்டி முடியாத வீட்டில் பப்பாளி

சிம்பாங் அம்பாட்டில் நாங்கள் வாங்கிய வீடு, அந்த வரிசையின் மற்ற வீடுகளைப் போலவே, கூரை போடும் முன்பே நின்றுபோனது. கட்டியவர் தொழிலை மூடிவிட்டுப் போய்விட்டார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே கிடந்தது. நாங்கள் ஜார்ஜ்டவுன் வாடகை அடுக்குமாடியிலேயே தங்கிவிட்டோம். கடல் பாலம் தாண்டி அந்தப் பக்கம் கல்யாணங்களுக்குப் போனாலும் என் கணவர் அந்த வீடு இருந்த சாலையைத் தவிர்த்துச் சுற்றித்தான் காரை ஓட்டுவார்.

போன வருடம் அந்த வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். "ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்," என்று அவரே சொன்னார்.

தகர வேலி சரிந்து கிடந்தது. உள்ளே லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. முனையிலிருந்து மூன்றாவது வீடு எங்களுடையது. கூடத்தில் ஓர் ஆலமரம் நின்றது. அதன் வேர் சிமெண்டுத் தரையைப் பிளந்து, ஜன்னலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாக வெளியே இறங்கியிருந்தது. படுக்கையறையில் தேங்கிய மழைநீரில் தலைப்பிரட்டைகள் நீந்தின. அவர் பாசி படிந்த சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"செங்கல்லு நல்லாத்தான் இருக்கு."

நான் ஜன்னல் இடைவெளிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வீட்டுக்குள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் நீளக் கம்பால் பப்பாளி தட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"யாரைத் தேடுறீங்கக்கா?"

"யாரையும் இல்லம்மா. அந்த ஆலமரம் நிக்குதே, அது எங்க வீடு."

அவள் கம்பைக் கீழே போட்டாள். "அப்போ நாம பக்கத்து வீடுலா! இது என்னோடதுக்கா. இந்த இடத்துலதான் அடுப்படி வரணும். அடுப்புதான் வைக்க முடியல, பழமாச்சும் தின்னுட்டுப் போறேன்."

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டுப் பேச்சில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து பப்பாளியை அறுத்துத் தின்றோம். எந்த வக்கீலைப் பார்த்தோம், யாருக்குத் தூக்கம் போனது என்றெல்லாம் பேசினோம். அவள் கணவர் இந்தப் பக்கமே வருவதில்லையாம்.

"கூப்பிட்டா திட்டுவாருண்ணே."

"எனக்கும் அப்படித்தான்மா இருந்துச்சு," என்றார் என் கணவர். "அவரைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வா."

சீக்கிரமே இயந்திரங்கள் வந்து எல்லாவற்றையும் இடித்துவிட்டன, ஆலமரமும் போயிற்று. நாங்கள் பார்க்கப் போகவில்லை. தீபாவளிக்கு அவள் குடும்பத்தோடு எங்கள் அடுக்குமாடிக்கு வந்தாள். இரண்டு ஆண்களும் வெளியே தாழ்வாரத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். சாப்பிட அவர்களை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.