நைனா என்று சொல்லாத வாய்

என் மகளின் வாயிலிருந்து அவள் தகப்பனைப் பிடுங்கி எறிந்தவள் நான். வேறு யாருமில்லை. நீங்கள் இரக்கத்தோடு கேட்க வேண்டாம். கோபத்தோடு கேளுங்கள். நானும் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

சித்தூரில் திருச்சபைப் பள்ளியில் நான் ஆசிரியை. என் கணவர் கொத்தனார். சத்தியவேட்டுப் பக்கத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பேச்சு எனக்கு வெட்கமாக இருந்தது. அதே பேச்சில்தான் அவர் என்னைப் பெண் கேட்டார். அன்று இனித்தது எப்போது கசந்தது?

மகள் மேரிக்கு நான்கு வயது. பள்ளியில் நடத்தும் சொல் விளையாட்டை வீட்டிலும் நடத்தினேன். நான் ஒரு சொல் சொல்வேன். அவள் ஓடிப்போய் அந்தப் பொருளைத் தொட வேண்டும். விளக்கு, பானை, கதவு. குதி என்றால் குதிக்க வேண்டும். பிறகு அவள் சொல்வாள், நான் ஓடுவேன். வீடே சிரிக்கும். இதில் தவறென்ன? ஒன்றுமில்லை. நான் சேர்த்த விதிதான் தவறு. தகப்பன் பேச்சு வாயில் வந்தால் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், சுண்ணாம்புக் கையோடு வாசலில் நின்று, "குந்து" என்றார். மேரி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"எய்ந்துக்கோ. ஓடியா நைனாகிட்ட."

ஓடினாள். "நைனா, இப்போ நீ குந்து" என்றாள்.

நான் அவள் தோளைப் பிடித்திழுத்துச் சுவரோரம் நிறுத்தினேன்.

"கொயந்த இன்னா பண்ணிச்சு? நான் பேசறது அவளுக்கு ஆவாதா?" என்றார்.

"ஆகாது" என்றேன்.

எந்தச் சொல் தண்டனையில் கொண்டுவிடும் என்று அந்த வயதுக்கு எப்படித் தெரியும்? அவரிடம் பேசாமலிருப்பதே பத்திரம் என்று மேரி கண்டுகொண்டாள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்...

ஜெர்மன் சண்டையில் பட்டாளத்துக் கட்டட வேலைக்குக் கொத்தனார்களை எடுத்தார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். ரயிலடியில் மகள் முன் மண்டியிட்டுக் கைகளை விரித்தார்.

"ஓடியா."

மேரியின் கால் அசைந்தது. உடனே என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் எங்கள் திருச்சபைப் போதகரின் மனைவி பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நான் தலையசைத்திருந்தால் போதும்... அசைக்கவில்லை. அவர் விரித்த கைகளை மெல்ல இறக்கிக்கொண்டு ரயிலேறினார்.

பட்டாளம் போயிருந்த பஸ்ராவில் அவர் காய்ச்சல் கண்டு இறந்துபோனதாகச் சேதி வந்தது.

இன்று மேரியும் ஆசிரியை, திருப்பதியில் இருக்கிறாள். அவளுடைய சுத்தமான பேச்சைப் புகழாதவர் இல்லை. அந்த விளையாட்டைத் தங்களுக்கும் சொல்லித்தரும்படி இளம் தாய்மார்கள் என்னைத் தேடி வருகிறார்கள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள்மேல் அல்ல, இந்த நாக்கின்மேல்.

சென்ற மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். சோறு பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "அப்பா எப்படிப் பேசுவார், அம்மா? எனக்கு நினைவே இல்லை."

அவர் குரல் என் காதில் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தையாவது பேசிக் காட்டியிருக்கலாம்.

"நம்மைப் போலத்தான்" என்றேன்.