வாயை மட்டும் அசை

கமலக்கண்ணன் என்ற பெயரைக் கேட்டால் நாற்பது வயது தாண்டிய எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குரல்தான். அடித்தொண்டையிலிருந்து கிளம்பி, தியேட்டரின் கடைசி வரிசை வரை அதிரவைத்த குரல். அந்தக் குரலில் பண்ணையார் உறுமினார், கடத்தல்காரர் சிரித்தார், மந்திரி மிரட்டினார். அது கமலக்கண்ணனின் குரல் இல்லை. முதல் படத்தில் பேசிய ஒரே ஒரு வரியைத் தவிர, திரையில் அவர் குரலை யாரும் கேட்டதே இல்லை. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. சொல்லிச் சொல்லி அவருக்கும் வெறுத்துப் போய்விட்டது.

போன மாதம்கூட ஆரணி மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவரைக் களம்பூர் அரிசி ஆலையில் வேலை செய்கிற ஒருவன் மடக்கினான். கையில் போன்.

“சார், ஒரே ஒரு டயலாக் உடுங்க சார். ஸ்டேட்டஸ் வெச்சிக்கிறேன்.”

“அது என் வாய்ஸ் இல்லப்பா.”

“சும்மா பிகு பண்ணிகினு கீறீங்க. உடுங்க சார்.”

விட்டால் போதும் என்று சொன்னார். மெல்லிய, லேசாகக் கரகரத்த குரல் அவருக்கு. பாதி வரியிலேயே அவன் போனை இறக்கிவிட்டான்.

“இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?”

வீட்டுக்கு வந்து பையைக் கூடத்திலேயே வீசினார். கத்திரிக்காய்கள் கட்டிலடி வரை உருண்டன. மனைவி திலகவதி குனிந்து அவற்றைப் பொறுக்கினார். இந்தக் கோபத்துக்குக் காரணம் கேட்கிற வழக்கத்தை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

படத்தில் வில்லன், நிஜத்தில் பசும்பொன் என்று இந்த மாதிரி நடிகர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுவார்கள். கமலக்கண்ணன் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. சரியான முன்கோபி. தறிகாரர் வீட்டில் பிறந்து, இருபது வயது வரை பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். அப்போதும் இழை அறுந்தால் தறியைத் திட்டுவார். கோட்டை மைதானத்தில் ஷூட்டிங் வந்தபோது வேடிக்கை பார்க்கப் போனார். முன்னால் மறைத்து நின்றவனை அவர் முறைத்த முறைப்பைப் பார்த்துத்தான் சண்டை மாஸ்டர் கூப்பிட்டார். சிவந்த, பெரிய கண்கள். பெற்றவர்கள் தாமரைக் கண்ணன் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். சினிமா அந்தக் கண்களைப் பார்த்துக் கையில் அரிவாளைக் கொடுத்தது.

பண்ணையாரின் அடியாள் வேஷம். ஒரே ஒரு வரி. வசனத் தாளில் இருந்ததை ஓரம் கட்டிவிட்டு, வாயில் வந்தபடியே பேசினார்: “அய்யா வந்துகினு கீறாரு. வழிய உடு.” கதாநாயகியின் அப்பாவை வெட்டப் போகிற கட்டம் அது. படம் ஆரணியிலேயே வெளியானது. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கூட நெய்தவர்கள் எல்லோரும் தியேட்டரை நிறைத்திருந்தார்கள். அந்த வரி வந்ததும் மொத்தத் தியேட்டரும் விழுந்து விழுந்து சிரித்தது.

யார் சிரித்தது என்பதுதான் விஷயம். மதுரைக்காரன் சிரித்திருந்தால் போகட்டும், கோயம்புத்தூர்க்காரன் சிரித்திருந்தால் போகட்டும். வீட்டில் தெருவில் கடையில் பொழுது விடிந்தால் பொழுது போனால் ‘வந்துகினு’ என்றும் ‘போய்கினு’ என்றும் பேசுகிறவர்கள், அதே பேச்சைத் திரையில் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் என்றால், அதுவரை சினிமாவில் அப்படிப் பேசியவர்கள் கோமாளிகளும் குடிகாரர்களும்தான். நம் பேச்சு வந்தால் சிரிக்க வேண்டும் என்று சினிமா சொல்லிக் கொடுத்திருந்தது. இவர்களும் நல்ல பிள்ளைகளாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

அந்தச் சிரிப்பு சென்னை வரை போய்ச் சேர்ந்தது. ‘மூஞ்சி வேணும், பேச்சு வேணாம்’ என்று முடிவு செய்தார்கள். அடுத்த படத்திலிருந்து ஜீவானந்தம் என்ற டப்பிங் கலைஞர் அவருக்காகப் பேசினார். செட்டில் கமலக்கண்ணன் வசனம் சொல்ல ஆரம்பித்தால் இயக்குநர்கள் கையைக் காட்டி நிறுத்துவார்கள். “நீ வாயை மட்டும் அசைப்பா. மத்ததை ஜீவா பார்த்துப்பாரு.” சிலர் வசனத்தைக்கூடக் கொடுக்க மாட்டார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். ஒரு தாயைக் குழந்தையோடு வீட்டைவிட்டுத் துரத்துகிற காட்சியில், கண்ணில் தீயை வைத்துக்கொண்டு, அவர் இருபத்தேழு வரை எண்ணியிருக்கிறார். அந்தக் காட்சிக்குத்தான் ஒரு பத்திரிகை விருது கொடுத்தது. ஜீவானந்தத்துக்கு. சிறந்த பின்னணிக் குரலாம். வில்லன் விருதுக்கு இவர் பெயர் வந்தபோது, சொந்தக் குரல் இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று தேர்வுக் குழுவில் தள்ளிவிட்டார்கள். அந்தக் குரலைப் பிடுங்கியது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

ஜீவானந்தத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. மரியாதையான மனிதர். ஒருமுறை ஸ்டூடியோ கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். “கோவிச்சுக்காதீங்க கமலக்கண்ணன். நீங்க இன்னும் கொஞ்சம் நிதானமா உதட்டை அசைச்சா, பேசறதுக்கு எனக்கு வசதியா இருக்கும்” என்றார் அவர். கமலக்கண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாள் முதல் நிதானமாகத்தான் உதட்டை அசைத்தார். முகம் குரலுக்கு அடங்கிப் போன கதை இதுதான். அப்படியே முப்பத்தைந்து வருஷம் ஓடியது. பிறகு வில்லன்களை மும்பையிலிருந்து கொண்டுவந்தார்கள், இவர் ஆரணிக்குத் திரும்பினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜீவானந்தம் இறந்தபோது சென்னைக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தார். இனி தன் முகத்தில் யாரும் பேசப் போவதில்லை என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் இளஞ்செழியன் வந்தான். பெரணமல்லூர்க்காரன், முதல் படம் எடுக்கப் போகிறவன். ஆரணிப் பட்டு நெசவாளர்களின் கதை. அதில் ஒரு பட்டு வியாபாரிதான் வில்லன்.

“உங்க வாய்ஸ்தான் சார் வேணும். நம்மூர் பேச்சு. லைவ் சவுண்டு. டப்பிங்கே கெடையாது.”

கமலக்கண்ணன் நம்பவில்லை. “ஜனங்க சிரிப்பாங்க தம்பி.”

“சிரிக்கட்டும் சார். நீங்க பேசுங்க, எப்டி சிரிக்கிறாங்கன்னு நானும் பாக்கறேன்.”

எழுபத்தோரு வயதில் அந்த மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது. சாவதற்குள் ஒரு படத்திலாவது தன் வாயிலிருந்து தன் குரல் வர வேண்டும். காலையில் எழுந்து வெந்நீர் குடித்தார், தயிரை நிறுத்தினார், கொல்லைப்புறத்தில் நின்று வசனம் சொல்லிப் பார்த்தார்.

முக்கியமான காட்சி ஒன்று. கூலி உயர்த்தச் சொல்லிச் சங்கத்தில் பேசிய நெசவாளியின் சேலையை வியாபாரி வாங்க மறுக்கிற இடம். இளஞ்செழியன் வசனத்தைக் கோபமாக எழுதியிருந்தான். கமலக்கண்ணன் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“இப்டி ஒருத்தனும் பேச மாட்டான். எங்கப்பாவ ஒரு யாவாரி இப்டிதான் திருப்பி அனுப்பிச்சான், நான் கூட நின்னேன். அவன் கத்தவே இல்ல தெரியுமா.”

கேமரா ஓட, அந்த வியாபாரி பேசியதை அப்படியே பேசினார். சேலையைத் தடவிப் பார்த்துச் சிரித்த முகத்தோடு, பெண் கொடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல: “பொடவ நல்லா கீது. எனுக்குதான் வேணா. எட்துகினு போ. வெயிலா கீதே, ஒரு டீ குட்ச்சிட்டு போ.” நெசவாளியாக நடித்த பையன் வசனத்தை மறந்து நின்றான். சுற்றி நின்ற ஊர்க்காரர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை வருஷம் திரையில் கத்திய வில்லன்கள் எல்லாம் பொய், இதுதான் நிஜம் என்று கமலக்கண்ணனுக்கு அன்று தெரிந்தது. அன்றிரவு அவர் மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டதாகத் திலகவதி பக்கத்து வீட்டில் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து இளஞ்செழியன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை. அந்தக் காட்சியைப் போட்டான். கமலக்கண்ணன் சேலையைத் தடவினார், சிரித்தார், வாயைத் திறந்தார். “உன் சேலை எனக்குத் தேவையில்லை! எடுத்துக்கொண்டு வெளியே போ!”

முதலில் பேசியது திலகவதிதான். “இது ஜீவானந்தம் கொரலாச்சே. செத்துப்போன மனுசன் எப்டிப்பா பேசுவாரு?”

கம்ப்யூட்டரில் செய்ததாம். பழைய படங்களிலிருந்து குரலை எடுத்து, எந்த வசனத்தையும் பேச வைக்கலாமாம். அவர் குடும்பமும் கையெழுத்துப் போட்டுவிட்டதாம்.

“புரொடியூசர் கேக்க மாட்டேங்கறாரு சார். தெருவுல ஓடற பவர்லூம் சத்தம் ட்ராக்ல ஏறிடுச்சுன்னாரு. அப்பால, உங்கள பாத்தா ஜனங்க அந்தக் கொரலத்தான் எதிர்பாப்பாங்கன்னு…”

“நான் வந்து டப்பிங் பேசறேன்னு சொன்னியா?”

“சொன்னேன் சார்.”

“இன்னா சொன்னான்?”

இளஞ்செழியன் தரையைப் பார்த்தான். “காமெடியா ஆயிடும்னாரு.”

கமலக்கண்ணன் லேப்டாப்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். உயிரோடு இருக்கிறவன் பேசக் கூடாது. செத்தவனை எழுப்பிப் பேச வைப்பார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது? கொள்ளை என்றால் போதுமா? அதுவும் போதாதென்று இன்னொன்றையும் இளஞ்செழியன் மென்று விழுங்கிச் சொன்னான். ஆரணிப் பேச்சுக்கு அசைந்த உதடு அந்த எழுத்துத் தமிழோடு ஒட்டவில்லை. அதனால் அந்தக் காட்சியின் குளோசப்புகளை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். ஒருநாள் வேலை. புது வசனத்துக்குத் தகுந்தபடி அவர் உதட்டை அசைத்தால் போதும்.

“ஈரத்துணிய போட்டு என் கழுத்த நானே அறுத்துக்கணும்னு கேக்கறியா?” என்றார் கமலக்கண்ணன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இளஞ்செழியன் லேப்டாப்பை மூடினான். அவன் வாசலைத் தாண்டும்போது இவரே கூப்பிட்டார். “நில்லு. வரேன்னு சொல்லு.”

“இன்னாத்துக்கு ஒத்துகினீங்க?” என்று திலகவதி சண்டைக்கு வந்தார். “வெக்கமா இல்ல? அத்தினி வருசம் அசச்சது போதாதா?”



படப்பிடிப்பு நாளில் தயாரிப்பாளரே வந்திருந்தார். பட்டுக்கடை செட்டில் அதே பாய், அதே சேலை, அதே பையன். “ஐயா, டயலாக் லவுடா வேண்டாம், லிப் மட்டும் கரெக்டா இருந்தா போதும்” என்று தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். சவுண்டு பார்க்கும் கோகுல்ராஜ், பின்னால் குரலைப் பொருத்தும்போது அடையாளத்துக்கு வேண்டும் என்று கமலக்கண்ணனின் சட்டைக்குள் மைக்கைக் குத்தினான். தெருவில் பவர்லூமை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்.

கேமரா ஓடியது. பையன் சேலையை நீட்டினான். கமலக்கண்ணன் வாங்கினார், முந்தானையை விரித்துப் பார்த்தார், நான்காக மடித்தார். மடித்துவிட்டு நிமிர்ந்து பையனைப் பார்த்தார். உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தார். சிரிப்பு இல்லை, முறைப்பும் இல்லை. மடித்த சேலையைப் பாயில் வைத்து ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினார். பையனின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் சேலையை எடுத்துக்கொண்டு, ஒத்திகையில் இல்லாதபடி, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனான்.

“கட்” என்று இளஞ்செழியன் சொல்லவில்லை. தயாரிப்பாளர்தான் கத்தினார். “லிப் எங்கே? லிப்பே இல்லையே!”

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வாயைத் திறக்கவில்லை. நான்காவது முறை தயாரிப்பாளர் பாய்க்கே வந்து நின்றார். “என்னங்க இது? வாயைத் திறக்க என்ன?”

“தெறந்தா ஜீவானந்தம் பேசுவாரு. தெறக்கல. இப்ப பேச சொல்லு.”

தயாரிப்பாளர் இயக்குநரைப் பார்த்தார். இளஞ்செழியன் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முதல் டேக் ஓகே. அதத்தான் வெக்கப் போறேன்” என்றான்.  வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, வேறு நாளும் கிடையாது. தயாரிப்பாளர் காருக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

மைக்கைக் கழற்ற வந்த கோகுல்ராஜ் ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்தான்.

“சார், ட்ராக்ல வசனம் எதுவும் இல்ல. உங்க மூச்சு மட்டும் ஏறிக்கீது. கோவமா, நல்லா பெரிசா. கிளீன் பண்ணிடட்டுங்களா?”

“தொடாத,” என்றார் கமலக்கண்ணன். “அது என்னுது.”